பல்லைப் பிடிச்சுப் பாரு தம்பி

வா தம்பி, வா. அந்தக் கட்டில்ல உக்காராத, கயிறு இத்துப்போயிக் கெடக்கு. திண்ணையிலயே உக்காரு. என்னலே மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? உலகம் சூடாகுதுன்னு ஒருத்தன் சொல்லுதான், அதெல்லாம் புளுகுன்னு இன்னொருத்தன் சொல்லுதான், எவனை நம்பன்னு தெரியலையா? இதுக்கா ராத்திரி பூரா தூங்காம போனைத் தடவிக்கிட்டுக் கெடந்த? நல்ல சோலிதான்.

எனக்கும் சேதி வரும்லா. பேரன் வாங்கிக் குடுத்த போன்ல. சில வருஷம் முந்தி ஒரு ஆனி மாசம் ஒண்ணு வந்துச்சு. 'அல்பேலியன்' வருதாம். விடிகாலை 5.27ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பூமி சூரியனை விட்டுத் தூரமாப் போகுதாம். இதுவரை காணாத குளிர் அடிக்குமாம். சளி புடிக்குமாம், காய்ச்சல் வருமாம். சுடுதண்ணி குடிக்கணுமாம், கம்பளி போத்தணுமாம். அன்னைக்கு இங்கன வெயில் மண்டையப் பொளந்துக்கிட்டு நிக்கு. வேப்பமரத்துக் காக்கா வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. இந்தக் கரிசக்காட்டுல கம்பளி போத்தச் சொல்லுதான்! அனுப்பினது யாருன்னு நெனைக்க? பள்ளிக்கூடத்து வாத்தியார். என் தங்கச்சி மருமகன். போன் போட்டுக் கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன் மாமா"ங்கான். எதுக்கும் இருக்கட்டுமாம்! அது என்ன ஊறுகா பாட்டிலா?

சரி, அதுல உண்மை ஒண்ணுமே இல்லையான்னா, ஒரு துளி இருக்கு. பொய்க்கும் ஒரு துளி உறை ஊத்தினாத்தான தோயும்? சூலை மாசத் தொடக்கத்துல பூமி வருஷா வருஷம் சூரியனுக்கு ரொம்பத் தள்ளித்தான் போகுது. 15.2 கோடி கிலோமீட்டர். சனவரித் தொடக்கத்துல கிட்ட வந்துருது, 14.7 கோடி. அப்படிக் கிட்ட வர்றப்ப நமக்கு என்ன மாசம் நடக்கு? மார்கழி. விடியமுன்ன கோலம் போடுத பிள்ளைகளைக் கேட்டுப் பாரு, குளிருதா கொதிக்குதான்னு. தூரத்தாலதான் குளிருதுன்னா மார்கழியில நாம வெந்துல்லா போயிருக்கணும்? பூமி சாய்ஞ்சு சுத்துறதாலதான் கோடையும் குளிரும் வருது. இதைத் தெரிஞ்சுக்கிட வாத்தியார் வேண்டாம். வாசல்ல நின்னாப் போதும்.

இப்ப உன்னைக் கேக்கேன். அந்தச் சேதியை எழுதினவன் பேர் என்ன? ஊர் எது? எதை வெச்சு அளந்தான்? ஒரு பய கேக்கல. ஆனா ஆயுசு பூரா காத்தை அளந்தவன் வந்து வாயத் தொறந்தா மட்டும், 'நூத்துக்கு நூறு உறுதியா? முத்திரைத்தாள்ல எழுதிக் குடுப்பியா?'ன்னு நிக்கான்.

டீக்கடையில இன்னொரு கூத்து. 'நாளைக்கு மழை வருமான்னே ஒழுங்காச் சொல்லத் தெரியல, நூறு வருஷம் கழிச்சு நடக்கப்போறதைச் சொல்லுதானாம்'னு ஒருத்தன் எகத்தாளமா எடுத்து விடுவான். விட்டுட்டுச் சுத்திமுத்தும் பாப்பான், எவனாவது சிரிக்கானான்னு. நானும் சிரிச்சவன்தான், பொய் சொல்ல மாட்டேன். பொறவு வீட்டுக்கு வந்து யோசிச்சேன். சித்திரையில வெயில் அடிக்கும்னு சொல்ல நமக்குச் சோசியன் வேணுமா? வேண்டாம். சித்திரை 12ந்தேதி மத்தியானம் நம்ம தெருவுக்கு மேல ஒரு துண்டு மேகம் நிக்குமான்னு எவனாவது சொல்லுவானா? சொல்ல மாட்டான். மேகத்தைச் சொல்லத் தெரியாதவனுக்குச் சித்திரையும் தெரியாதுன்னு அடிச்சுப் பேசினா அவன் கோட்டிக்காரனா இல்லையா? அந்த ஆளுக சித்திரையைப் பத்திச் சொல்லுதாங்க. நாம மேகத்தைப் பத்திக் கேக்கோம்.

நம்ம டீக்கடையை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. 2015 பிப்ரவரியில அமெரிக்கச் செனட் சபைக்கு ஜேம்ஸ் இன்ஹோஃப்னு ஒரு பெரிய மனுசன் பனி உருண்டை ஒண்ணைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தார். வெளிய என்ன குளிர் குளிருது பாருங்கன்னு காட்டிட்டு அதைத் தூக்கி வேற எறிஞ்சார். அன்னைக்கு அந்தச் சபையோட சுற்றுச்சூழல் கமிட்டிக்குத் தலைவரே அவர்தான். என் பானையில சோறு இருக்கு, அதனால ஊர்ல பசியே கெடையாதுன்னானாம் ஒருத்தன். அந்தக் கதைதான்.

நீ எட்டயபுரத்து ஆட்டுச் சந்தைக்கு வந்திருக்கியா? சனிக்கிழமை விடியமுன்ன போகணும். இருட்டுக்குள்ளயே பாதி ஆடு கைமாறிரும். அங்கன வாய்ச்சொல்லுக்கு வெலை கெடையாது. தரகன் நெஞ்சுல அடிச்சுச் சொல்லுவான், 'அண்ணாச்சி, என் பிள்ள மேல சத்தியம், ரெண்டு பல்லு கெடா'ன்னு. சத்தியத்தைக் கேட்டு மடியை அவுத்தவன் கெழட்டு ஆட்டை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குவான். வெவரமானவன் என்ன செய்வான்? தாடையைப் பிடிச்சு, உதட்டை வெலக்கி, பல்லைப் பாப்பான். ரெண்டா, நாலா, ஆறா? ஆட்டுப்பல்லு பொய் சொல்லாது. பொறவு தலையத் தூக்கித் தரகனைப் பாப்பான். இது வித்தா இவனுக்கு எம்புட்டுத் தேறும்? அம்புட்டுதான் சூத்திரம். ஒத்தை ஆட்டுக்கு இம்புட்டுப் பாக்குத நாம, பூமி சங்கதிக்கு மட்டும் ஏன் சத்தியத்தைக் கேட்டு மயங்குதோம்?

சரி, பல்லைப் பாப்போம். கரியமில வாயுக்குச் சூட்டைப் பிடிச்சு வைக்கிற குணம் உண்டுங்கறது நேத்து மழைக்கு மொளைச்ச காளான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கியா? 1856, தம்பி. சிப்பாய்க் கலகத்துக்கு முந்துன வருஷம். அமெரிக்காவுல யூனிஸ் ஃபூட்னு ஒரு அம்மா. கண்ணாடிக் குழாய்ல சாதாக் காத்தை அடைச்சு வெயில்ல வெச்சா. இன்னொண்ணுல கரியமில வாயுவை அடைச்சு வெச்சா. வாயு இருந்த குழாய் கூடுதலாச் சுட்டுச்சு. வெயில விட்டு எடுத்த பொறவும் ஆற வெகு நேரமாச்சு. இம்புட்டுதான் சோதனை. நம்ம ஆச்சிமாரு அப்பளம் காயப்போடுத மாதிரி. அவ கண்டுபிடிச்சதை அறிஞர் சபையில எந்திரிச்சு வாசிச்சது ஒரு ஆம்பளை. அந்தக் கதை வேற, சவத்த விடு. நாப்பது வருஷம் கழிச்சு, 1896ல, ஸ்வாந்தே அரீனியஸ்னு சுவீடன்காரர் ஒருத்தர், காத்துல இந்த வாயு ரெண்டு மடங்கானா பூமி எம்புட்டு சூடாகும்னு பேனாவும் தாளுமா உக்காந்து கணக்குப் போட்டார். அப்ப எங்க தாத்தா கோவணம் கட்டாத பய.

பொறவு வந்தார் பாரு சார்லஸ் கீலிங்னு ஒரு மனுசர். அவரைத்தான் எனக்குப் பிடிக்கும். 1958ல ஹவாய் தீவுல மௌனா லோவாங்கற எரிமலை மேல கருவியை வெச்சு, காத்துல இந்த வாயு எம்புட்டுன்னு அளக்க ஆரம்பிச்சார். பத்து லட்சம் பங்கு காத்துல அன்னைக்கு 315 பங்கு. இன்னைக்கு 420ஐத் தாண்டியாச்சு. 2005ல அவர் கண்ணை மூடிட்டார். மகன் ரால்ஃப் அந்தக் கணக்கைப் பாத்துக்கிடுதார். அப்பன் தொறந்த பேரேட்டை மகன் எழுதுதான்! நம்ம ஊர்ல அப்பன் வெச்ச கடன் நோட்டைக் கூட மகன் தொட மாட்டேங்கான்.

இப்பத் தரகனைப் பாரு. எக்ஸான்னு அமெரிக்காவுல பெரிய எண்ணெய்க் கம்பெனி. 1970கள் முடிஞ்சு 80கள் தொடங்குத சமயம், அவங்க சம்பளம் குடுத்து வெச்சிருந்த விஞ்ஞானிகளே இந்தக் கணக்கைப் போட்டாங்க. எண்ணெய்க் கப்பல்ல கருவியை ஏத்தி நடுக்கடல் காத்தை அளந்தாங்க. எண்ணெயும் கரியும் எரிச்சா பூமி இம்புட்டு சூடாகும்னு எழுதியும் குடுத்துட்டாங்க. 2023ல அந்தப் பழைய கணக்கை எடுத்து, பொறவு நெசத்துல ஏறின சூட்டோட ஒப்பிட்டுப் பாத்தா, பெரும்பாலும் பொருந்திப்போகுது. அம்புட்டுக் கெட்டிக்காரப் பயக. ஆனா கம்பெனி வெளிய என்ன பேசுச்சு? இன்னும் உறுதியாகலன்னு பல வருஷம் பேசுச்சு. பீடி சிகரெட்டுல கேன்சர் வருமான்னு கேட்டப்ப அமெரிக்கச் சிகரெட் கம்பெனிக செஞ்ச அதே வித்தை. இல்லன்னு சாதிக்க வேண்டாம், சந்தேகத்தைக் கெளப்பினாப் போதும். அந்த யாவாரத்துக்கு மொதலீடு என்ன? ஒரு கேள்விக்குறி. உன் மண்டையில அந்தக் கேள்விக்குறியக் கொக்கியா மாட்டிட்டு அவன் பைய எண்ணெய வித்துக்கிட்டு இருப்பான்.

சரி, ஆட்டை நம்பாதவன் எவனாவது பல்லைப் பாத்தானான்னு கேளு. பாத்தான். ரிச்சர்ட் முல்லர்னு கலிபோர்னியாவுல ஒரு பௌதிக வாத்தியார். இந்தச் சூட்டுக் கணக்குல கோளாறு இருக்குன்னு சந்தேகப்பட்டவர். நானே அளந்து பாக்கேன்னு எறங்கினார். அதுக்குத் துட்டு குடுத்தவங்கள்ல எண்ணெய் யாவாரத்துல சம்பாதிச்ச கோக் குடும்பத்து அறக்கட்டளையும் உண்டு. உலகம் பூரா உள்ள பழைய வெப்பமானிக் கணக்கையெல்லாம் அள்ளிப் போட்டுச் சலிச்சாங்க. 2012ல அவர் வாயாலேயே சொன்னார், சூடு ஏறுனது நெசம், அதுக்குக் காரணம் மனுசன்தான்னு. ஆட்டைக் கொறை சொல்ல வந்தவனே பல்லைப் பாத்துட்டு 'நல்ல ஆடுதாம்வே'ன்னுட்டான். இனி என்னத்தைச் சொல்ல?

'விஞ்ஞானிகளும் தப்பாச் சொல்லியிருக்காங்களே தாத்தா'ங்க. ஆமா. ஐநா சபையோட பருவநிலைக் குழு 2007ல எழுதின தண்டி அறிக்கையில, இமயமலைப் பனியெல்லாம் 2035க்குள்ள கரைஞ்சு போயிரும்னு ஒரு எடத்துல எழுதிப்போட்டாங்க. சுத்தத் தப்பு. 2010ல அதைத் தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உலகமே சிரிச்சது. நான் சிரிக்கல. ஏன்? அல்பேலியன் அனுப்பினவன் இன்னைக்கு வரைக்கும் தப்புன்னு சொன்னானா? அடுத்த ஆனிக்கும் அதையே அனுப்புவான். கணக்கு எழுதுதவன் ஒரு எடத்துல அடிச்சுத் திருத்தினா அவன் கணக்குல எனக்கு நம்பிக்கை கூடும். ஒரு அடித்தல் கூட இல்லாத நோட்டைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும். கூட்டுறவு, சீட்டு, கோயில் வரவுசெலவுன்னு நான் பாக்காத நோட்டா?

அவங்க பேசுத பாசையும் நமக்குப் பிடிபட மாட்டேங்கு. 'வாய்ப்பு மிக அதிகம்'னு எழுதினா, அவங்க அகராதியில நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேலன்னு அர்த்தம். நாம, 'ஓஹோ, அவனுக்கே தெரியல'ங்கோம். உங்க ஆச்சிகிட்ட சோறு வெந்திருச்சான்னு கேட்டா, 'வெந்திருக்கும்'பா. அதுக்காக வட்டிலைக் கவுத்து வெச்சுட்டுப் பட்டினியா கெடக்கேன்? ஆயுசு பூரா 'இருக்கலாம், இருக்கலாம்'னே பேசின அந்தக் குழு, 2021ல மனுசனாலதான் பூமி சூடேறியிருக்கு, இதுல சந்தேகத்துக்கே எடமில்லன்னு எழுதிட்டு. இழுத்து இழுத்துப் பேசுதவன் ஒருநாள் சட்டுன்னு பேசினா காதைத் தீட்டிக்கிடணுமா வேண்டாமா? 2024தான் அளக்கத் தொடங்கின நாள்ல இருந்து ரொம்பச் சூடான வருஷம். ஆலைக வர்றதுக்கு முந்தின காலத்தை விட 1.55 டிகிரி சொச்சம் கூட.

ரொம்பத்தான் அளக்காரு தாத்தான்னு நெனைக்காத. என் வண்டவாளத்தையும் சொல்லுதேன், கேளு.

2023 கார்த்திகையில பக்கத்து டவுன்ல 'பருவநிலை மாற்ற விழிப்புணர்வு'ன்னு ஒரு கூட்டம். கல்யாண மண்டபம். என்னையும் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. 'மரபறிவு'க்கு ஒரு ஆள் வேணுமாம். உள்ள போனா ஏசியப் போட்டுக் குளுப்பாட்டி வெச்சிருக்காங்க. எனக்கு மூட்டு விட்டுப்போச்சு. அல்பேலியன் சேதி நெசந்தானோன்னு அப்பத்தான் ஒரு நிமிசம் தோணுச்சு. வாசல் மறைக்கிற மாதிரி ஃப்ளெக்ஸ். அதுல பிளாஸ்டிக்கை ஒழிப்போம்னு எழுத்து. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி. பாதி குடிச்சு, பாதி நாக்காலிக்கு அடியில. விருந்தாளி ஒருத்தர் மரக்கன்னு நட்டார். குழி போன வருஷத்துக் குழியேதான். கன்னுதான் புதுசு. ஒரு பிள்ள மைக்கை நீட்டி, "ஐயா, உங்க கார்பன் ஃபுட்பிரின்ட் எவ்ளோ?"ன்னுச்சு. "பித்தவெடிப்புதாம் தாயி இருக்கு"ன்னேன். 2070ல நாடே நெட் ஜீரோ ஆயிரும்னு 2021லயே கிளாஸ்கோவுல சொல்லிட்டு வந்தாச்சுன்னு ஒருத்தர் பெருமையாச் சொன்னார். அப்ப எனக்கு 123 வயசு. இருந்து பாத்துக்கிடுதேன்.

கடைசியில என்னை மேடையேத்தி, பொன்னாடையப் போத்தி, "அந்தக் காலத்துல மழையை எப்படிக் கணிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. விடுவனா? தட்டான் தாழப் பறந்தா மழைன்னேன். எறும்பு முட்டையத் தூக்கிட்டுத் திட்டையேறினா மழைன்னேன். அந்தால, கூட்டம் வாயப் பொளந்து கேக்கவும் ஏத்தம் வந்துட்டு. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்ல, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்ல. எழுதி வெச்சுக்கோங்க, இந்த வருஷம் மழை முடிஞ்சுது'ன்னு அடிச்சு விட்டேன். என்னா கைதட்டு! ஒருத்தராவது, எம்புட்டு வருஷம் பாத்தீரு, எத்தனை தரம் பலிச்சதுன்னு கேக்கணுமே? கேக்கல. வெள்ள வேட்டி, நரைச்ச மீசை, போதும் அவங்களுக்கு. திரும்புறப்ப அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போட்டேன்.

கார்த்திகை முடிஞ்சுது. மார்கழி 1, ஞாயித்துக்கிழமை, டிசம்பர் 17. பெய்ய ஆரம்பிச்சது விடல. மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிஞ்ச ஒருநாள் கணக்கு காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62. நம்ம தூத்துக்குடிப் பக்கம் வருஷம் பூரா பெய்தாலும் 95 பெய்யாது. 1992ல ஆத்துல வந்த வெள்ளத்தைப் பாத்தவங்களே வாயடைச்சுப் போனாங்க. திருச்செந்தூர்ல இருந்து மெட்ராசுக்குக் கெளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டத்தோட நின்னுபோச்சு. தண்டவாளத்துக்கு அடியில மண்ணு போயிக் கம்பி அந்தரத்துல தொங்குது. உள்ள 800 பேர் சொச்சம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்கதான் சோறு பொங்கிப் போட்டாங்க. எங்க ஆட்டுக்கொட்டாய் ஃப்ளெக்ஸு எந்தக் கண்மாயில போய்ப் படுத்துச்சோ.

வெள்ளம் வடியமுன்ன சண்டை ஏறிருச்சு. சொன்னோம்னு டெல்லி சொல்லுது, சரியாச் சொல்லலன்னு சென்னை சொல்லுது. அதிக மழை வரும்னு சொன்னதும் நெசம். இம்புட்டு வரும்னு சொல்லாததும் நெசம். வானிலைக்காரங்க பேரேட்டுல கனமழைக்கு ஒரு கட்டம், மிகக் கனமழைக்கு ஒரு கட்டம், 21 சென்டிமீட்டரைத் தொட்டுட்டா அதி கனமழைன்னு கடைசிக் கட்டம். அதுக்கு மேல கட்டமே கெடையாது. 21ம் அதே கட்டம், 95ம் அதே கட்டம். அவங்களைச் சொல்லி நான் சிரிக்க முடியுமா? எறும்பும் அன்னைக்கு எனக்கு 95ன்னு சொல்லல. கர்ணன் மட்டும், நான் செத்தும் குடுப்பேன்னு காட்டிட்டான்.

அந்த மழை பூமி சூடானதாலதான் பெய்ஞ்சுதான்னு கேட்டா, ஒத்தை மழையைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து, நீ இன்னாரு பிள்ளைதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டாங்க. குமரிக்கடல் பக்கம் ஒரு காத்துச் சுழி நகராம நின்னு கொட்டுச்சு, அது ஒரு காரணம். ஆனா ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைச் சொமக்கும். பெரிய சட்டியில மோந்தா பெருசாத்தான கொட்டும்?

அந்தா, உத்தரத்துல சொருகியிருக்கே நோட்டு, அதை எடு. 1974ல ஆரம்பிச்சேன். அந்த வருஷம் காஞ்ச காய்ச்சல்ல எனக்கும் என் மச்சினனுக்கும் எந்த வருஷப் பஞ்சம் பெருசுன்னு சண்டை. மொட்டைமாடியில பெயிண்டு டப்பாவை வெச்சு, பள்ளிக்கூட அடிஸ்கேலை விட்டு அளந்து எழுதிக்கிட்டு வாரேன். அந்தக் காலத்துல மாசம் மும்மாரி பெஞ்சுதுன்னு நான் பீத்தும்போதெல்லாம் உங்க ஆச்சி இதைத்தான் எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. புரட்டு. 2016 தெரியுதா? பாதிக்கு மேல வெறுங்கோடு. பைய, தாள் கிழியப்போகுது. 2023 கடைசிப் பக்கத்துக்கு வா. மார்கழி 1க்கு நேரா என்ன போட்டிருக்கு, வாசி. 'டப்பா போச்சு.'

அன்னைக்கு ராத்திரியோட போனதுதான். அடுத்த தரம் டவுன்ல இருந்து வர்றப்ப ஒரு நோட்டும் ஒரு டப்பாவும் வாங்கிட்டு வா. டப்பாவைக் கொஞ்சம் பெருசாப் பாத்து எடு.